ஒரு மில்லிமீட்டருக்குள் செதுக்க எவ்வளவு வேகம் வேண்டும்?

கோழி முட்டையின் ஓடு, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடிமன் கொண்டது. ஸ்லோவேனியாவின் வர்ஹ்னிகா பகுதியைச் சேர்ந்த ஃபிரான்ட்ஸ் குரோம், அந்த ஓட்டில் ஆயிரக்கணக்கான துளைகளை இட்டு, லேஸ் துணி போலத் தோன்றும் முட்டைகளைச் செய்து புகழ்பெற்றவர். அவர் பயன்படுத்தியது ஒரு சிறிய மின் துளைப்பான். உளியால் இதைச் செய்ய இயலாது. உளி வெட்ட வேண்டுமானால் தட்ட வேண்டும், அல்லது அழுத்த வேண்டும். அந்த விசையைத் தாங்கும் வலிமை முட்டை ஓட்டுக்குக் கிடையாது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1971 முதல் நடந்துவரும் வார்ட் உலகச் சாம்பியன்ஷிப் என்ற பறவைச் சிற்பப் போட்டியிலும் இதே தேவையைப் பார்க்கலாம். கிறிஸ்ஃபீல்டு என்ற சிற்றூரில் முடிதிருத்தும் தொழில் செய்த லெம் வார்ட், ஸ்டீவ் வார்ட் சகோதரர்களின் பெயரைத் தாங்கிய போட்டி அது. வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிட்ட மர வாத்துகளிலிருந்து வளர்ந்த கலை. இன்று அங்கே வைக்கப்படும் பறவைகளில் ஒவ்வொரு இறகிலும் நடுத்தண்டும் அதிலிருந்து பிரியும் இழைகளும் தனித்தனியாகத் தெரியும். உடலின் வடிவத்தைக் கத்தியாலும் உளியாலும் எடுத்துவிடலாம். இறகின் இழைக்கு வந்ததும் பலரும் கையில் எடுப்பது வேகமாகச் சுழலும் ஒரு சிறு கருவியைத்தான்.

எலும்பு, சிப்பி, கண்ணாடி, சந்தன மரம், நகை வார்ப்புக்கான மெழுகு என்று நுண்வேலை நடக்கும் எல்லா இடங்களிலும் இந்தக் கருவி வந்துவிட்டது. சில ஆயிரம் ரூபாயிலிருந்து லட்சம் வரை விலையில் கிடைக்கிறது. வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, ‘எத்தனை ஆர்பிஎம்?’, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றுதான். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதும் அந்த எண்தான். ஆனால் அது தனியாக நின்று அதிகம் சொல்வதில்லை. தேர்வை மோட்டாரிலிருந்து தொடங்காமல், கருவியின் முனையில் மாட்டும் வெட்டுமுனையான பிட்டின் நுனியிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு சிறிய கோடு, எந்தப் பொருளில் என்பது தெரிந்துவிட்டால் வேகம், முறுக்குவிசை, கைப்பிடியின் எடை, பிட்டின் தண்டு அளவு எல்லாம் அதிலிருந்து ஒவ்வொன்றாக வந்துவிடும்.

விளிம்பின் ஓட்டம்

வெட்டும் வேலையைச் செய்வது பிட்டின் விளிம்பு. அந்த விளிம்பு நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதே கணக்கு. விட்டத்தை ‘பை’ (π) என்ற எண்ணால் பெருக்கி, நொடிக்கான சுற்றுகளாலும் பெருக்கினால் அது கிடைத்துவிடும்.

கல் பட்டறைகளில் புழங்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். வட்டின் விட்டம் 100 மி.மீ.; நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. விளிம்பு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர். அதே சுற்று வேகத்தில் 1 மி.மீ. பிட் சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு 58 சென்டிமீட்டர்தான் ஓடும். கிரைண்டர் வட்டின் விளிம்பு வேகத்தை அந்தச் சிறு பிட் எட்ட வேண்டுமானால் நிமிடத்துக்கு 11 லட்சம் சுற்றுகள் சுற்ற வேண்டும். கையில் பிடிக்கும் எந்தச் செதுக்கு கருவியும் அதுவரை போவதில்லை.

நடைமுறையில் கிடைப்பது இவ்வளவு: 1 மி.மீ. பிட் 30,000 ஆர்பிஎம்மில் சுழன்றால் விளிம்பு நொடிக்கு ஒன்றரை மீட்டர் போகும், அதாவது மனிதர் நடக்கும் வேகம். அதே பிட் 3.5 லட்சம் ஆர்பிஎம்மில் சுழன்றால் நொடிக்கு 18 மீட்டர், நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்தின் வேகம். பிட் சிறியதாகச் சிறியதாக வேகத்தின் தேவை கூடிக்கொண்டே போவதன் காரணம் இதுதான்.

எதிர்த்திசையிலும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 25 மி.மீ. வட்டு ஒன்றை 35,000 ஆர்பிஎம்மில் ஓட்டினால் விளிம்பு நொடிக்கு 46 மீட்டரை நெருங்கிவிடும். எடை சற்றே ஒருபக்கமாக இருந்தாலும் அது வெளிநோக்கி இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் வளரும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். 5 கிராம் எடையுள்ள ஒரு பிட்டின் எடைமையம் அச்சிலிருந்து 0.1 மி.மீ. மட்டும் விலகியிருந்தால் 35,000 ஆர்பிஎம்மில் அது கிட்டத்தட்ட 7 நியூட்டன் விசையோடு, முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை தொங்குவதைப் போல, தண்டை உதறும். தலை பெரிய பிட்டுகளின் உறையில் உச்ச ஆர்பிஎம் அச்சிட்டிருப்பதற்கு இதுவே காரணம். அந்த எண்ணை மீறினால் மெல்லிய தண்டு வளையும், பிறகு உடைந்து பறக்கும்.

ஒவ்வொரு கடியும் எவ்வளவு?

வேகத்தின் இன்னொரு பலன் விசையில் இருக்கிறது. நுண்செதுக்கலுக்கு இதுவே முக்கியமானது.

ஆறு பற்கள் கொண்ட ஒரு கார்பைடு பிட் 30,000 ஆர்பிஎம்மில் சுழல்கிறது. கை அதை நொடிக்கு 10 மி.மீ. வீதம் நகர்த்துகிறது. ஒரு நொடியில் 500 சுற்று, ஆறு பல்லால் 3,000 கடி. ஆக ஒரு கடிக்கு மரத்திலிருந்து பெயர்வது சுமார் 0.0033 மி.மீ., அதாவது மூன்று மைக்ரான் சொச்சம். கடி இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் ஒவ்வொரு பல்லும் மரத்தை உந்தும் விசை மிகச் சிறியது. விரல் எதிர்க்க வேண்டிய விசையும் அதே அளவு சிறிது. பேனா பிடிப்பது போலப் பிடித்து, பேனாவுக்குத் தரும் அழுத்தத்திலேயே கோடு இழுக்க முடிவது இதனால்தான். மெதுவாகச் சுழலும் துளைப்பானில் அதே பிட்டை மாட்டினால் ஒரு கடி பெரிதாகி, பல் மரத்தைப் பற்றிக்கொண்டு கருவியையே பக்கவாட்டில் இழுத்துப் போகும்.

அப்படியானால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா? ஓர் எல்லை உண்டு. எவ்வளவு கூரான விளிம்பும் நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டைதான். கார்பைடு பல்லில் அந்த உருண்டையின் ஆரம் ஓரிரு மைக்ரானோ அதற்கு மேலோ இருக்கும். 3 லட்சம் ஆர்பிஎம்மில் அதே கைநகர்வுக்கு ஒரு கடி 0.33 மைக்ரானாகச் சுருங்குகிறது. கடி, விளிம்பின் உருண்டையைவிடச் சிறுத்துவிட்டால் பல் வெட்டாமல் உரசத் தொடங்கும். உரசல் வெப்பமாகும். பிட்டை ஒரே இடத்தில் தயங்கி நிறுத்தினால் மரம் பழுப்பாகி, பிறகு கருகும். அதிவேகக் கருவியைப் பிடிக்கும் கை நிற்காமல் நகர வேண்டும் என்று அனுபவசாலிகள் வலியுறுத்துவது இதனால்தான்.

பல் மருத்துவம் தந்த கருவி

நுண்செதுக்கல் கருவிகளில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் பல் மருத்துவமனை. ஜேம்ஸ் மாரிசன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1871-ல் காலால் மிதித்துச் சுழற்றும் துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். தையல் மிஷினின் மிதிகட்டையைப் போன்ற அமைப்பு அது. 1875-ல் ஜார்ஜ் கிரீன் மின்சாரத் துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். பல்லின் மேற்பூச்சான எனாமல், மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். மெதுவாகச் சுழலும் துளைப்பான் அதை வெட்ட அழுத்தம் வேண்டும். அழுத்தினால் அதிர்வும் வலியும் கூடும். வேகத்தைக் கூட்டினால் அழுத்தம் குறையும் என்பதால் பல் மருத்துவம் வேகத்தைத் துரத்தியது.

நியூசிலாந்தில் ஜான் பேட்ரிக் வால்ஷ் 1949-ல் காற்றால் சுழலும் துளைப்பானை உருவாக்கினார். அமெரிக்காவில் ஜான் போர்டன் 1957-ல் கொண்டுவந்த ஏரோட்டர் என்ற காற்றுச் சுழலி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 லட்சம் சுற்றுகளை எட்டியது. பற்சக்கரமோ வாரோ இல்லை. விரல்நுனியளவு தலைக்குள் ஒரு சிறு சக்கரம், அதன் மேல் பாயும் அழுத்தக் காற்று, இருபுறமும் பேரிங். அந்த ஏற்பாடு அப்படியே சிற்பிகளின் மேசைக்கு வந்துவிட்டது.

மற்றொரு கிளை பட்டறையிலிருந்து வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் ஆஸ்திரியாவில் பிறந்த ஆல்பர்ட் டிரெமல் 1932-ல் தொடங்கிய நிறுவனம், 1935-ல் மோட்டோ-டூல் என்ற கைச்சுழற்கருவியை வெளியிட்டது. இன்று யார் செய்த கருவியானாலும் ‘டிரெமல்’ என்றே பலர் அழைக்கும் அளவுக்கு அந்தப் பெயர் பரவிவிட்டது.

நான்கு குடும்பங்கள்

கடையில் இருப்பவற்றை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மோட்டாரையும் கைப்பிடியையும் ஒன்றாகக் கொண்ட சுழற்கருவி. டிரெமல் 4000 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 175 வாட், 5,000 முதல் 35,000 ஆர்பிஎம், எடை சுமார் 660 கிராம். வெட்டவும் தேய்க்கவும் மெருகேற்றவும் ஒரே கருவி. ஆனால் அரைக் கிலோவைத் தாண்டிய எடையைப் பேனா போலப் பிடித்து ஒரு மணி நேரம் இறகின் இழை போட முடியாது. மோட்டாரைக் குளிர்விப்பது அதே தண்டில் சுழலும் விசிறி என்பதால் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் உடல் சூடாகும். உள்ளங்கை காற்றுத்துளைகளை மூடிவிட்டால் இன்னும் சூடாகும். தொடக்க வேலைக்கும் நடுத்தர வேலைக்கும் இது நல்ல துணை.

இரண்டாவது, நகைப் பட்டறைகளில் மேலிருந்து தொங்கும் மோட்டார். மோட்டாரிலிருந்து ஒரு வளையும் ஷாஃப்ட் இறங்கி, அதன் முனையில் மெல்லிய ஹேண்ட்பீஸ் இருக்கும். ஷாஃப்ட்டின் உள்ளே எஃகுக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டிருப்பதால், முறுக்கும்போது ஓர் அடுக்கு இறுக, மற்றது அதைத் தாங்கும். இந்த வகையில் நெடுங்காலம் நிலைத்திருப்பது 1922-ல் தொடங்கிய அமெரிக்காவின் ஃபோர்டம் நிறுவனம். அதன் பரவலான எஸ்ஆர் மோட்டார் ஆறில் ஒரு குதிரைத்திறன், 18,000 ஆர்பிஎம். வேகம் குறைவு, டார்க் எனப்படும் முறுக்குவிசை அதிகம். 6 மி.மீ. தண்டுள்ள முரட்டு பிட்டும் மாட்டலாம், சிறிய ஹேண்ட்பீஸுக்கு மாற்றி 2 மி.மீ. பிட்டும் மாட்டலாம். மரத்தில் பருத்த பகுதியை வாரி எடுப்பதற்கு இதற்கு இணை குறைவு. ஷாஃப்ட்டைக் கூராக மடக்கினால் உள்ளே கம்பி உரசிச் சூடாகும். அவ்வப்போது கிரீஸ் போட வேண்டும். ஷாஃப்ட்டின் விறைப்பு கையைச் சற்றே இழுத்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, மைக்ரோமோட்டார். செயற்கைப்பல் செய்யும் கூடங்களிலிருந்து வந்தது. மோட்டார் கைப்பிடிக்குள்ளேயே அடங்கியிருக்கும். மின்சாரத்தைச் சீராக்கும் பெட்டி மேசையில் தனியாக இருக்கும். நடுவில் மெல்லிய ஒயர் மட்டுமே. வேகம் பொதுவாக 35,000 முதல் 50,000 ஆர்பிஎம். கைப்பிடியின் எடை பெரிய சுழற்கருவியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். பெட்டியில் உள்ள சுவிட்சைத் தட்டினால் திசை மாறும். மரச்சிற்பிக்கு இது பெரிய வரம். ஒரு பள்ளத்தின் இடக்கரையில் ரேகையோடு போகும் பிட், வலக்கரையில் ரேகைக்கு எதிராகப் போய் நாரைப் பிய்க்கும். திசையை மாற்றினால் இரு கரையும் வழவழப்பாக வரும். கார்பன் பிரஷ் உள்ளவை விலை குறைவு, பிரஷ் தேயும்போது மாற்ற வேண்டும். பிரஷ்லெஸ் மோட்டார் விலை கூடியது, சூடு குறைவு, ஆயுள் அதிகம்.

நான்காவது, காற்றுச் சுழலி. 3 முதல் 4 லட்சம் ஆர்பிஎம், பேனாவளவு எடை, ஆனால் முறுக்குவிசை மிகக் குறைவு. சற்று அழுத்தினால் வேகம் பாதியாகச் சரியும். மேலும் அழுத்தினால் நின்றே போகும். முட்டை ஓடு, கண்ணாடி, சிப்பி போன்ற நொறுங்கும் பொருள்களில் இந்தக் குறையே பாதுகாப்பு, ஏனெனில் பொருள் உடைவதற்கு முன் கருவி நின்றுவிடும். அதே காரணத்தால் மரத்திலிருந்து அதிகச் சதையை எடுக்க இதை நம்பக் கூடாது. மின்சாரம் கைக்கு வராததால் தண்ணீர் சொட்டவிட்டு வேலை செய்ய ஏற்றதும் இதுவே.

ஆட்டம் எனும் மறைந்திருக்கும் எதிரி

ஒரு பிட் சரியாகத் தன் அச்சில் சுழலாமல் லேசாக வட்டமடித்தால் பட்டறையில் அதை ஆட்டம் என்பார்கள். விளம்பரத்தில் ஆர்பிஎம்முக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்குக் கிடைப்பதில்லை. நுண்வேலையின் தரத்தை அதிகம் தீர்மானிப்பதோ இதுதான்.

6 மி.மீ. பிட்டில் 0.05 மி.மீ. ஆட்டம் யார் கண்ணுக்கும் தெரியாது. அரை மி.மீ. உருண்டைப் பிட்டில் அதே ஆட்டம் கோட்டின் அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டிவிடும். இன்னும் ஆழமான பாதிப்பு பற்களில் இருக்கிறது. ஒரு கடி மூன்று மைக்ரான் என்று பார்த்தோம். ஆட்டம் இருபது மைக்ரான் என்றால் ஆறு பற்களில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே பல்தான் முழுவதையும் வெட்டும். மற்ற ஐந்தும் பொருளைத் தொடவே தொடாது. பெயரளவில் ஆறு பல் பிட், செயலளவில் ஒற்றைப் பல் பிட். அந்தப் பல் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மோதுவதால் கோடு சொரசொரப்பாகும், பிட் சீக்கிரம் மழுங்கும்.

ஆட்டத்துக்குக் காரணம் பேரிங்காக இருக்கலாம், பிட்டைக் கவ்வும் கோலெட்டாக இருக்கலாம், வளைந்த தண்டாகவும் இருக்கலாம். மூன்று தாடை கொண்ட சக் எல்லா அளவையும் பிடிக்கும், ஆனால் துல்லியம் குறைவு. ஒரே அளவுக்கென்று செய்த கோலெட் அதைவிட நேராகப் பிடிக்கும். இங்கே தண்டு அளவுகளை அறிந்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும். பொதுச் சுழற்கருவிகளின் பிட் தண்டு 3.2 மி.மீ.; மைக்ரோமோட்டாருக்கு 2.35 மி.மீ.; காற்றுச் சுழலிக்கு 1.6 மி.மீ. அங்குலக் கணக்கில் செய்த 3/32 அங்குலத் தண்டு 2.38 மி.மீ. வரும். 2.35 மி.மீ. கோலெட்டில் அதைத் திணித்தால் சிக்கிக்கொள்ளலாம், அல்லது கோலெட் விரிந்து மற்ற பிட்டுகளுக்குத் தளர்ந்துவிடலாம். வேறு வேறு கடைகளில் பிட் வாங்குகிறவர்கள் இந்த 0.03 மி.மீ. வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

பொருளுக்கு ஏற்ற பிட்

1920-களில் ஜெர்மனியில் உருவான டங்ஸ்டன் கார்பைடு, கோபால்ட் உலோகத்தில் கடினத் துகள்களைப் பிணைத்துச் செய்வது. மரம், மெழுகு, எலும்பு, மென்உலோகம் ஆகியவற்றை வெட்டும் பற்களுக்கு இதுவே முதல் தேர்வு. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் சாதாரண எஃகுப் பிட் அதில் விரைவில் மழுங்கும். அங்கே கார்பைடு போட்ட காசைத் திருப்பித் தரும்.

கண்ணாடி, கல், முட்டை ஓடு, சிப்பி ஆகியவற்றுக்கு வைரத்தூள் பிட். நிக்கல் பூச்சில் பதித்த வைரத் துகள்கள் பொருளை நுண்ணியதாக நொறுக்கி எடுக்கும். பல் மருத்துவ வைரப் பிட்டுகளின் கழுத்தில் உள்ள வண்ண வளையம் துகளின் அளவைச் சொல்லும்: பச்சை முரடு, நீலம் நடுத்தரம், சிவப்பு மென்மை, மஞ்சள் மிக மென்மை. நீலம் ஏறத்தாழ 100 மைக்ரான், சிவப்பு அதில் பாதி. வைரம் காற்றில் அதிகச் சூட்டில் கெடும், இரும்போடு சூட்டில் வினைபுரிந்து தேயும். ஆகவே எஃகில் வேகமாக ஓட்டக் கூடாது; கண்ணாடியிலும் கல்லிலும் தண்ணீர் வேண்டும்.

மரத்தில் எவ்வளவு நுண்மை சாத்தியம் என்பதற்கு மரமே எல்லை வகுத்திருக்கிறது. தேக்கில் நீர் ஏறும் குழாய்கள் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை, சில 0.3 மி.மீ. அகலம் வரை இருக்கும். 0.2 மி.மீ. கோடு அங்கே குழாய்க்குள் விழுந்து காணாமல் போகும். சந்தன மரத்தில் குழாய்கள் சிறியவை, சீராகப் பரவியவை. அதனால்தான் கொடிக்கருக்கும் நகை வேலைப்பாடும் அதில் அவ்வளவு தெளிவாக நிற்கின்றன. அமெரிக்கப் பறவைச் சிற்பிகள் டூபெலோ மரத்தை விரும்புவதற்கும் இதுவே அடிப்படை: சீரான திசு, பிட் பட்டால் பஞ்சு போல நார் எழும்பாது. மரம் கரடுமுரடானது என்றால் அதிவேகக் கருவிக்குச் செலவிடும் பணம் வீண்.

விரலும் நுரையீரலும்

1918-ல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டு பகுதியில் சுண்ணாம்புக் கல் வெட்டும் தொழிலாளர்களை ஆராய்ந்தார். காற்றுச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப் போயிருந்தன. அதிர்வால் வரும் வெள்ளைவிரல் நோய் பற்றிய முன்னோடி ஆய்வு அது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல், எட்டு மணி நேர வேலையில் கைக்கு வரும் அதிர்வு 2.5 மீட்டர்/நொடி² அளவைத் தாண்டினால் நடவடிக்கை தேவை என்றும், 5 மீட்டர்/நொடி² உச்ச வரம்பு என்றும் விதித்தது.

சுழற்கருவி சுத்தியலளவுக்கு மோதுவதில்லை. ஆனாலும் விரல் நுனியில் அதிர்வை உணரும் பசினியன் நுண்ணுறுப்புகள் நொடிக்கு 200 முதல் 300 அதிர்வுகளில்தான் மிகக் கூர்மையாக இருக்கின்றன. 18,000 ஆர்பிஎம் என்பது நொடிக்கு 300 சுற்று. தொங்கும் மோட்டாரில் சிறு ஆட்டம் இருந்தாலும் விரல் அதை உடனே உணர்வதற்கும், விரைவில் களைப்பதற்கும் இதுவே காரணம். 35,000 ஆர்பிஎம்மில் அது 583 ஆகிறது. உணர்வு மங்கத் தொடங்கும். 4 லட்சம் ஆர்பிஎம் கருவியின் அதிர்வு நொடிக்கு 6,667; தோல் அதை உணர்வதே இல்லை. கை அமைதியாக இருக்கும், ஆனால் காதில் அந்த அலைவெண் கீச்சென்று ஒலிக்கும். நாள்தோறும் பல மணி நேரம் வேலை செய்பவர் காதடைப்பான் அணிய வேண்டும்.

கைக்கு இதமான நுண்கடி, நுரையீரலுக்கு ஆபத்தாக மாறுவதைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். உளி சீவினால் சுருள் விழும். அதை யாரும் சுவாசிக்க முடியாது. மூன்று மைக்ரான் கடியாக வெட்டும் பிட் எழுப்பும் தூளில் ஒரு பகுதி, நுரையீரலின் ஆழத்தில் உள்ள காற்றறைகள் வரை செல்லும் அளவு சிறியது. நான்கு மைக்ரான் சுற்றுவட்டாரத்துத் துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் வடிகட்டப்படாமல் உள்ளே போகும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளையும் படிகச் சிலிக்காவையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவன என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணிகளைத் தேய்க்கும் தொழிலாளர்களையும், ராஜஸ்தானின் பிண்ட்வாராவில் கோயில் கற்களை மின்கருவியால் செதுக்கும் தொழிலாளர்களையும் சிலிக்கோசிஸ் வாட்டுவது பல ஆண்டுகளாகப் பதிவாகியிருக்கிறது. அந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஈட்டி மரத்தூள் பலருக்கு ஒவ்வாமையையும் தோல் அழற்சியையும் தரும். கல்லையும் சிப்பியையும் நனைத்து வேலை செய்தால் தூள் எழும்புவது பெருமளவு குறையும். மரத்தை நனைக்க முடியாது. பிட்டின் அருகிலேயே உறிஞ்சும் குழாய் வேண்டும், முகத்தில் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். துணியைக் கட்டிக்கொள்வது இந்த அளவுத் துகளைத் தடுக்காது.

கடையில் நிற்கும்போது

முதலில் வேலையை எழுதிப் பார்க்கலாம். மரத்தில் ஒரு சாண் உயரச் சிலை, முகமும் நகையும் நுண்ணியதாக வர வேண்டும் என்றால் மைக்ரோமோட்டார் பொருந்தும். அடிப்படை வடிவத்தை உளி பார்த்துக்கொள்ளும். பெரிய மரத்தை மின்கருவியாலேயே வடிவாக்க விரும்புகிறவருக்குத் தொங்கும் மோட்டாரும் மைக்ரோமோட்டாரும் சேர்ந்து தேவைப்படும். நகை மெழுகில் வேகம் எதிரி. சூட்டில் மெழுகு இளகிப் பற்களை அடைத்துவிடும். குறைந்த வேகத்திலும் முறுக்குவிசை குன்றாத கருவியே அங்கே வேண்டும். எலும்புக்கு மைக்ரோமோட்டார் போதும். முட்டை ஓட்டிலும் கண்ணாடியிலும் ஆழ்ந்து இறங்குகிறவர் காற்றுச் சுழலியைப் பற்றி யோசிக்கலாம். எப்போதாவது ஒரு பெயர்ப்பலகை, ஒரு சாவிக்கொத்து என்று செய்பவருக்கு எல்லாம் ஒன்றான சுழற்கருவியே நிறைவு தரும்.

கருவியைக் கையில் வாங்கியதும் செய்யக்கூடிய சோதனைகள் சில. நீளமான, நேரான, மெல்லிய பிட் ஒன்றை மாட்டிக் குறைந்த வேகத்தில் ஓட்டி, வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நுனி ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் நல்லது; நிழல் போல இரண்டாகப் பிரிந்தால் ஆட்டம் இருக்கிறது. வேறொரு நேரான பிட்டை மாட்டியும் அதே பிரிவு தெரிந்தால் குறை கோலெட்டிலோ பேரிங்கிலோதான். ஓடாத நிலையில் பிட்டை விரலால் பக்கவாட்டில் அசைத்தால் சிறு ‘கிளிக்’ கூடக் கேட்கக் கூடாது. பிறகு பத்து நிமிடம் ஓட விட்டு, விரல் பிடிக்கும் இடத்தின் சூட்டைத் தொட்டுப் பார்க்கலாம். குறைந்த வேகத்தில் ஒரு மரத்துண்டை மெல்ல அழுத்தினால் வேகம் தளராமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கோலெட், பேரிங், பிரஷ் ஆகிய உதிரிப் பாகங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைப்பது, இன்னொரு நூறு ஆர்பிஎம் அதிகம் வாங்குவதைவிடப் பயனுள்ளது.

பணத்தைப் பங்கிடும் விதமும் தேர்வின் பகுதியே. மட்டமான பிட்டுகளோடு உயர்ந்த கருவியைவிட, தரமான பத்துப் பன்னிரண்டு பிட்டுகளோடு நடுத்தர மைக்ரோமோட்டார் நல்ல வேலை தரும். தூசி உறிஞ்சும் ஏற்பாடும் முகக்கவசமும் முதல் நாள் பட்டியலிலேயே இருக்க வேண்டும். காற்றுச் சுழலி வாங்குவதானால் கருவியின் விலையோடு கம்ப்ரெசரின் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். சுழலி கேட்கும் அழுத்தம் சுமார் 2 முதல் 3 பார்தான். ஆனால் காற்று விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். தொட்டி மிகச் சிறியதாக இருந்தால் மோட்டார் ஓயாமல் ஓடிச் சூடாகும். கம்ப்ரெசருக்கும் கருவிக்கும் நடுவே ஈரத்தையும் எண்ணெயையும் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். ஈரம் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். கருவியிலிருந்து தெறிக்கும் எண்ணெய்த்துளி வண்ணம் தீட்ட வேண்டிய மரத்திலும் வெள்ளை ஓட்டிலும் கறையாக இறங்கினால் வெளியே எடுக்க முடியாது. பேரிங்குக்கு எண்ணெய் கேட்கும் சுழலிகளில், எண்ணெய் விட்டதும் ஒரு பழைய துணிக்கு எதிரே அரை நிமிடம் ஓடவிட்டு, மிஞ்சிய எண்ணெய் வெளியேறிய பின்னரே செதுக்கத் தொடங்க வேண்டும்.